எல்லாவற்றுக்கும் மூன்று

ஒரு தாளுக்குப் பதினைந்து ரூபாய்.
இருநூற்றுப் பதினான்கு தாள்கள், நாற்பத்திரண்டு கேள்விகள்.
மின்விசிறியின் ஒவ்வொரு சுற்றுக்கும்
மேல் தாள் எழும்பப் பார்க்கும்.
அதன் தலையில் பஞ்ச் மெஷினை வைத்திருக்கிறேன்.

முதலாண்டு மாணவரின் பல்கலைக்கழக இசைவாக்கம்.
ஒன்று என்றால் சற்றும் இல்லை, ஐந்து என்றால் முழுவதும்.
யாரோ அவசரத்தில் தமிழாக்கியிருக்கிறார்கள்.
ஆறாம் கேள்வி:
வீட்டு நோய் எனக்கு அடிக்கடி வருகிறது.
ஒருத்தி நான்கைச் சுற்றிவிட்டு ஓரத்தில் எழுதியிருக்கிறாள்,
அம்மாவுக்குச் சீனி வருத்தம். அதுவா?

கட்டத்தில் இலக்கம் மட்டும்தான் ஏறும்.
நான்கு என்று அடித்தேன்.

பத்தொன்பது: அறைத்தோழியுடன் மனம்விட்டுப் பேசுவேன்.
எந்தப் பாஷையில் என்று கேட்கவில்லை.
ஹசந்திக்கும் எனக்கும் முதல் வருசம் இருந்தவை
மொத்தம் இருபது சொற்கள், அதில் ஏழு சாப்பாடு.
எனக்குக் காய்ச்சல் கண்ட இரவு
அவள் ஈரத் துவாயை நெற்றியில் போட்டு
அந்த ஏழையும் ஒவ்வொன்றாய்ச் சொல்லிப் பார்த்தாள்,
எதையாவது தின்பேனா என்று.

எழுபத்தொன்றாம் தாளில்
விரல் பார்க்காமலே பழகிவிட்டது.
நித்திரை வருகிறதா? மூன்று.
விரிவுரை விளங்குகிறதா? மூன்று.
மூத்த மாணவரால் தொல்லை உண்டா? மூன்று.
படிப்பை விட்டுவிட நினைத்ததுண்டா?
மூன்று.
எழுபத்திரண்டும் அப்படி. எழுபத்துமூன்றும்.
எண்பத்தெட்டு வரைக்கும் அப்படி.

பதினெட்டுப் பேர். விரிவுரை மண்டபத்தில் ஒரு வாங்கு.
வாங்கின் நுனியில் யார் நின்றிருப்பான் என்று எனக்குத் தெரியும்.
என் காலத்தில் நின்றவனுக்குக் கம்பஸ் ஒரு பட்டப்பேர் வைத்திருந்தது,
சொந்தப் பேரைப் பட்டமளிப்பில்தான் கேட்டேன்.
நல்ல பேர்.

எண்பத்தேழில் மட்டும்
முப்பத்தோராம் கேள்வியில் பேனை தாளைத் துளைத்திருக்கிறது.
மூன்றைச் சுற்றிச் சுற்றிச் சுற்றி
ஒரு வட்டம்.
பின்பக்கம் தடவினால் தழும்பு போலத் தட்டுப்படும்.

விதானகே மெடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
கெட்டவரில்லை, தனக்குச் சொல்லும்போது
எனக்கும் ஒரு பிளேன்டீ சொல்பவர்.
"வாசிக்காமல் போட்டிருக்கிறார்கள், எடுத்துவிடு."
எனக்கு வந்த சிங்களத்தில்
வாங்கைச் சொன்னேன், நுனியைச் சொன்னேன், துளையைக் காட்டினேன்.
தேநீர் ஆறும் வரை கேட்டார்.
"இருக்கலாம், மகள். ஆனால் அளக்க அது எங்கே இருக்கிறது?"

எடுத்தேன். நூற்றுத் தொண்ணூற்றாறு.
சராசரி ஒரு துளி ஏறி மூன்று தசம் எட்டு.
புதியவர்கள் நன்றாகவே இசைந்து போகிறார்கள்.
எண்பத்தேழைக் கோப்பில் வைக்கவில்லை,
நான்காய் மடித்துக் கைப்பைக்குள் போட்டேன்.
ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

ஐந்தரைக்குத் தும்முல்லைச் சந்தியில் மழை பிடித்தது.
ஹோல்ட்டுக்குக் கீழே ஏழெட்டுப் பேர்,
கூரைக்கு வெளியே ஒரு பிள்ளை.
இரட்டைப் பின்னல், கணுக்கால் வரை பாவாடை,
பையின் வாயில் குடைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கிறது.
விரிக்கவில்லை.
முதல் மூன்று மாதம் விரிக்கக் கூடாது.
எங்களுக்கும் அப்படித்தான்.

என் குடையை அவள் பக்கம் சரித்தேன்.
ஓரடி விலகினாள்.
வீதியின் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு,
"பரவாயில்லை, அக்கா."

காலையிலிருந்து நான் அடித்துக்கொண்டிருந்த சொல்.

நூற்று முப்பத்தெட்டு வந்தது.
இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட என்று கொண்டக்டர் தகரத்தில் தட்ட
எல்லோரும் முன்னுக்கு நெருங்கினோம்.
அவள் படியிலேயே நின்று
ஒரு பின்னலைப் பிழிந்தாள், பிறகு மற்றதை,
நனைந்த சில்லறையை எண்ணத் தொடங்கினாள்.

மடக்கிய என் குடை யாருடைய காலிலோ சொட்டியிருக்க வேண்டும்.
திரும்பி நல்லாய் ஏசினார் ஒருவர்.
ஒரு சொல் விடாமல் விளங்கியது.